கார் வெள்ளிக்கிழமை, நிக்கிற பேன், யூனிகார்ன் நாள்: குழந்தையைத் திருத்தணுமா, விட்டுடலாமா?

இசார்கரை அம்மா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுமையா படிங்க. கடைசியில ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு ஜெர்மனியில பிள்ளை வளர்க்கிறவங்க அனுபவம் வேணும்.

நாங்க மியூனிக்ல இருக்கோம். பொண்ணுக்கு நாலரை வயசு, பிறந்தது இங்கேயேதான். வீட்டுல தமிழ், கிட்டாவுல, அதாவது பாலர் பள்ளியில, ஜெர்மன். ரெண்டுமே நல்லா பேசுறா. ஆனா இந்த ஊர் பண்டிகைப் பேர்கள் ஒவ்வொண்ணுக்கும் அவளா ஒரு அர்த்தம் வச்சிருக்கா. ஏனோதானோன்னு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் சாட்சியோட வச்சிருக்கா.

போன வாரம் புனித வெள்ளி வந்துது. இங்க அதுக்குப் பேர் கார்ஃப்ரைடாக். ஃப்ரைடாக்னா வெள்ளிக்கிழமைன்னு அவளுக்குத் தெரியும். முன்னாடி இருக்கிற "கார்" வேற என்னவா இருக்கும், நம்ம கார்தான். வியாழக்கிழமை வீட்டுக்குள்ள வரும்போதே "அம்மா, நாளைக்குக் கார் வெள்ளிக்கிழமை"ன்னு அறிவிச்சுட்டா. மறுநாள் காலையில ஜன்னல்ல நின்னு தெருவைப் பார்த்தா. கடையெல்லாம் மூடியிருக்கு, ரோட்டுல ஒரு வண்டி இல்ல. "பாத்தியா, எல்லாக் காருக்கும் இன்னைக்கு லீவு." பொம்மைக் கார்களை ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்து ஜன்னல் ஓரமா படுக்கவச்சு மேல கைக்குட்டையைப் போர்த்திவிட்டா. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து, இது பழைய ஜெர்மன் வார்த்தை, "காரா"ன்னா துக்கம்னு அர்த்தம், இயேசுவைச் சிலுவையில அறைஞ்ச நாள், அதனாலதான் ஊரே அமைதியா இருக்குன்னு அழகாத்தான் சொன்னார். முழுசாக் கேட்டுட்டு அவ கேட்டது: "சரிப்பா, காருக்கு என்ன துக்கம்?"

டிசம்பர் கதை இன்னும் பெரிசு. இலையுதிர் காலத்துல கிட்டாவுல பேன் வந்துடுச்சு. கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க, சீப்பு, ஷாம்பூன்னு எல்லா வீட்டுலயும் ஒரே பாடு. அப்பதான் அவ "லவுஸ்"ங்கிற வார்த்தையைக் கத்துக்கிட்டா. லவுஸ்னா பேன். அது முடிஞ்ச கையோட டிசம்பர் 5 சாயங்காலம் வந்துது. ராத்திரி ஷூவைத் துடைச்சு வாசல்ல வைக்கணும், நிக்கோலவுஸ் வந்து கடலை, ஆரஞ்சு, சாக்லேட் எல்லாம் போட்டுட்டுப் போவார்னு கிட்டாவுல சொல்லி அனுப்பியிருக்காங்க. இவ ஷூவைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. வெளியில வைக்கவே விடல. என்னன்னு கேட்டா, "அது நிக்கிற பேன்மா. பெரிசு. கதவுக்கு வெளியிலயே நிக்குமாம்." நிக்கிற லவுஸ்! பாதி தமிழ், பாதி ஜெர்மன். குல்லா மாட்டிக்கிட்டுத்தான் அன்னைக்கு ராத்திரி தூங்கினா. மறுநாள் கிட்டாவுக்கு வந்த நிக்கோலவுஸ் உயரமான தொப்பியும் கையில கோலுமா ஒரு பிஷப் வேஷத்துல இருந்தார். அவர் கிட்ட வந்தப்போ இவ தலையை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா. அந்தப் போட்டோவை ஆயுசுக்கும் பத்திரமா வச்சிருப்பேன்.

அக்டோபர் 3, கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் 1990ல ஒண்ணா சேர்ந்த நாள். டாயிச்ச ஐன்ஹைட், ஜெர்மன் ஒற்றுமை நாள். ஐன்ஹைட் அவளுக்கு என்ன தெரியும்? ஐன்ஹார்ன் தெரியும். ஐன்ஹார்ன்னா யூனிகார்ன், அவளோட பையில, பாட்டில்ல, படுக்கை விரிப்புல எல்லாம் இருக்கிறது. நாட்டுக்கே ஒரு யூனிகார்ன் நாள் வந்ததுல அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! கொம்பு வச்ச ஹேர்பேண்ட் போட்டுக்கிட்டு நாள் பூரா சுத்தினா. டிவியில கொடியைக் காட்டினப்போ "ஜெர்மன் யூனிகார்ன் எப்ப வரும்?"னு காத்துட்டே இருந்தா.

ஆகஸ்ட் 15 இன்னொரு மாதிரி. அன்னைக்கு இங்க மரியா ஹிம்மல்ஃபார்ட், மாதா விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். எங்க மாநிலமான பவேரியாவுல கத்தோலிக்கர் அதிகமா இருக்கிற ஊர்களுக்கும் ஸார்லாந்துக்கும் மட்டும்தான் லீவு. வீட்டுலயோ காலையிலேயே செங்கோட்டைக் கொடியேத்தம் ஓடுது, தாத்தா வீடியோ கால்ல சட்டையில கொடி குத்திக்கிட்டு வர்றார். அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ஆபீஸ் இல்ல. அவ கணக்கு சரிதானே? இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைச்சதுக்கு மியூனிக்ல லீவு விட்டிருக்காங்க. கிட்டா திறந்ததும் டீச்சர்கிட்ட "எங்க நாட்டுக்காக உங்களுக்கும் லீவு குடுத்தோம்"னு பெருமையா சொல்லியிருக்கா.

இப்ப கேள்விக்கு வர்றேன். கிட்டாவுல ஒருத்தங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, இவ வார்த்தைகளைக் கலக்குறா, குழம்புறா, வீட்டுலயும் ஜெர்மன் பேச ஆரம்பிச்சா நல்லதுன்னு சொன்னாங்க. அக்கறையாத்தான் சொன்னாங்க. அதுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் யோசனையில இருக்கார். என் மாமியாரும் "ஸ்கூல் சேர்ற வரைக்கும் அந்த ஊர் பாஷையே பேசுங்க, தமிழை அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிறாங்க.

எனக்கு மனசு ஒப்பல. "கார் வெள்ளிக்கிழமை"ன்னு ஒரு ஜெர்மன் குழந்தையால நினைக்கவே முடியாது. அவங்களுக்குக் கார்னா "அவுட்டோ". அந்த அர்த்தம் நம்ம வீட்டுத் தமிழ்லேர்ந்து வந்தது. யூனிகார்ன் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது. நிக்கிற பேன்ல ரெண்டும் ஒரே வார்த்தைக்குள்ள உக்காந்திருக்கு. ரெண்டு மொழியும் உயிரோட இருக்கிறதுனாலதானே இது நடக்குது? இது குழப்பமா, இல்ல மூளை நல்லா வேலை செய்யுதா? அவ சொல்றதைத் திருத்தணுமா, எப்படித் திருத்தணும்? உங்க பிள்ளைங்க இதையெல்லாம் எப்படித் தாண்டி வந்தாங்க?


லைப்சிக் அப்பா எழுதியது:

சகோதரி, முதல்ல ஒரு விஷயம். உங்க பொண்ணு செய்யுறதை இங்கத்திய ஜெர்மன் குழந்தைகளும் செய்யுறாங்க. அதுக்கு எங்க சாக்சனி மாநிலத்துல நல்ல உதாரணம் இருக்கு.

நவம்பர்ல ஒரு புதன்கிழமை இங்க மட்டும் அரசு விடுமுறை. பேர் பூஸ் உண்ட் பேட்டாக். பூஸ்ஸன்னா பாவத்துக்கு வருந்துறது, பேட்டன்னா ஜெபிக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளோட நாள். பூஸ்ஸை நெடிலாச் சொல்லணும், குறிலாச் சொன்னா பஸ். பேட்டையும் அப்படித்தான், குறிலாச் சொன்னா பெட், அதாவது கட்டில். ஆக என் பையன் காதுல விழுந்தது "பஸ்-கட்டில் நாள்". அவன் சொன்ன விளக்கம்: அன்னைக்குப் பஸ்ல ஒரு சுத்து போயிட்டு வந்து கட்டில்ல படுத்துக்கணும். குறில் நெடில் வித்தியாசத்தைத் தமிழ்க் காது விடாதேன்னு நினைச்சேன், விட்டுடுச்சு.

அவனோட கிட்டாவுல கேட்டப்போ அவன் கூட்டாளிங்க முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொன்னாங்க. எல்லாரும் சாக்சனியிலேயே தலைமுறை தலைமுறையா இருக்கிற குடும்பங்கள். அந்தக் குழந்தைகளோட அம்மா அப்பாகிட்ட யாரும் போய் "வீட்டுல பேசுற பாஷையை மாத்துங்க"ன்னு சொல்லல. அதை நீங்க அந்த டீச்சர்கிட்ட மரியாதையாவே கேட்கலாம்.

இந்த லீவுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, சொல்லிடுறேன். முன்னாடி இது நாடு முழுக்க விடுமுறை. முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கிறதுக்கான காப்பீடு 1995ல தொடங்கினப்போ, முதலாளிகளுக்கு வர்ற செலவை ஈடுகட்ட இந்த நாளை எடுத்துட்டாங்க. சாக்சனி மட்டும் விட்டுக்குடுக்கல. அதுக்குப் பதிலா இங்க வேலை செய்யுறவங்க சம்பளத்துலேர்ந்து அந்தக் காப்பீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கிறாங்க. உங்க பவேரியாவுல அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஆனா பெரியவங்களுக்கு வேலை உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க.

திருத்தலாமான்னு கேட்டீங்க. நான் திருத்தினேன், ஆனா உடனே இல்ல. அன்னைக்கு அவன் ஆசைப்படி பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனோம். திரும்பி வந்து கட்டில்ல படுத்துக்கிட்டே அர்த்தம் சொன்னேன். தப்பு பண்ணா மன்னிப்புக் கேக்குற நாள்டான்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, தங்கச்சியோட பொம்மையை உடைச்சது தான்தான்னு ஒத்துக்கிட்டான். அர்த்தம் அவனுக்கு நல்லாவே போய்ச் சேர்ந்துடுச்சு. இருந்தாலும் அடுத்த வருஷமும் பஸ் கேட்டான். போனோம்.


ரூர்க்கரை மாமா எழுதியது:

தங்கச்சி, உம்மடை பிள்ளையின்ரை கதையை என்ரை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினனான். நிக்கிற பேனிலை ரெண்டு பேரும் கண்ணீர் வரச் சிரிச்சம்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து எண்பதுகளிலை இஞ்சை வந்தனாங்கள். மூண்டு பிள்ளையளும் இஞ்சைதான் பிறந்தவை. அந்தக் காலத்திலை எங்களுக்கே இந்தப் பெருநாளுகள் ஒண்டும் விளங்காது. பிள்ளையள் பாலர் பாடசாலையிலை கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறதை வைச்சுத்தான் நாங்களும் பிடிச்சனாங்கள். ஆனபடியால் எங்கடை வீட்டிலை பிள்ளையளின்ரை விளக்கம்தான் கன காலம் சட்டமா இருந்தது.

நவம்பர் 11 சங்ட் மார்ட்டின். பிள்ளையள் தாங்களே செய்த கடதாசி விளக்கைத் தடியிலை கொளுவிக்கொண்டு இருட்டிலை ஊர்வலம் போவினம். முன்னுக்கு ஒருத்தர் றோமப் படைவீரன் மாதிரி உடுத்துக் குதிரையிலை போவார். சங்ட் எண்டால் புனிதர். என்ரை மூத்தவனுக்கு அது சங்கு. வீட்டிலை சாமியறையிலை சங்கு இருக்கு, கோயிலிலையும் ஊதிறதைக் கேட்டிருக்கிறான். அப்ப இவர் சங்கு மார்ட்டின். ஊர்வலம் முடியும் மட்டும் என்ரை கையை இழுத்து இழுத்து "எப்ப அப்பா ஊதுவார்?" எண்டு கேட்டுக்கொண்டே வந்தவன். நல்ல காலம், கடைசியிலை ஊர் பாண்ட் கோஷ்டியிலை ஒருத்தர் ட்றம்பெற் ஊதினார். பிள்ளைக்குத் திருப்தி.

மார்ட்டின் குளிரிலை நடுங்கின ஏழைக்குத் தன்ரை போர்வையை வாளாலை ரெண்டா வெட்டிப் பாதியைக் குடுத்தவர் எண்டதுதான் கதை. குதிரைக்காரர் அதை நடிச்சுக் காட்டுவார். எல்லாரும் கை தட்டேக்கை என்ரை மூத்தவன் பலத்த சத்தத்திலை கேட்டான், "ஏன் பாதி? அவரிட்டைக் குதிரையும் இருக்குதானே?" பக்கத்திலை நிண்ட ஜேர்மன் கிழவி ஒருத்தி அவன் என்ன சொன்னவன் எண்டு கேட்டா. நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அவ குனிஞ்சு அவன்ரை தலையைத் தடவிப்போட்டு, தானும் சின்னனிலை இதையேதான் கேட்டவ எண்டு சொன்னா.

அதே 11ந் திகதி காலமை 11 மணி 11 நிமிசத்துக்குக் கொலோன் பக்கத்திலை கார்ணிவல் துவங்கும். வேசம் போட்ட ஆக்களை ரெயிலிலை கண்டுபோட்டு, அவையைக் கலைக்கத்தான் பின்னேரம் மார்ட்டின் வாளோடை வாறார் எண்டு நடுவிலான் ஒரு கதை கட்டி வைச்சிருந்தவன். அது பெரிய கதை, விடுவம்.

ஃப்ரோன்லைக்னாம் எண்டு ஒரு வியாழக்கிழமை வரும், ஈஸ்டர் கழிச்சு அறுபதாம் நாள். உங்கடை பவேரியாவிலையும் லீவு, எங்கடை பக்கமும் லீவு. கத்தோலிக்கர் குருவானவரைப் பந்தலுக்குக் கீழை விட்டு, நற்கருணையைத் தூக்கிக்கொண்டு தெருவாலை போவினம். அண்டைக்குக் கடைக்குட்டி மகள் ஜன்னலாலை பாத்துப்போட்டு, "அம்மா, அவையின்ரை தேர்த் திருவிழா. சாமி சின்னன், அதாலை தேர் இல்லை, குடை பிடிக்கினம்" எண்டு சொன்னவ. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இலை கும்பாபிசேகம் கண்டது, அதின்ரை தேரைப் பாத்த கண் அது. பிள்ளை பிழையாச் சொன்னவ எண்டு நான் இண்டைக்கும் நினைக்கேல்லை. சாமி வெளியிலை வந்து தெருவைப் பாக்கிறது ரெண்டு இடத்திலையும் நடக்குதுதானே. வளந்தாப் பிறகு அந்தச் சொல்லிலை "லைக்னாம்" எண்டால் பிரேதம் எண்டு அறிஞ்சு, பள்ளிக்கூடத்திலை சந்தோசமான பிரேத நாள் எண்டு பகிடி விட்டு வாத்தியாரிட்டைப் பேச்சு வாங்கினவ. "ஃப்ரோ" எண்டால் சந்தோசம், ஃப்ரோன் எண்டால் ஆண்டவருக்குரியது, லைக்னாம் அந்தக் காலத்திலை உடல் எண்ட கருத்திலையும் வந்தது. ஆண்டவரின் திருவுடல். அதை அந்த வாத்தியார்தான் எங்களுக்கும் சொல்லித் தந்தவர்.

மொழி விசயத்திலை ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். தமிழை விட்டிடாதையும். எங்களுக்கும் அப்ப ஆக்கள் சொன்னவை, வீட்டிலை டொச் கதையுங்கோ எண்டு. எங்கடை டொச் அப்ப உடைஞ்ச டொச். அதைப் பிள்ளைக்குக் குடுத்து என்ன பிரயோசனம்? முழுசாத் தெரிஞ்ச மொழியைத்தான் குடுக்க வேணும் எண்டு மனுசி நிண்டுபிடிச்சவ. மூத்தவன் இப்ப டோர்ட்முண்டிலை வக்கீல். கோட்டிலை டொச், அம்மாவோடை போனிலை தமிழ். ரெண்டும் சுத்தம்.


ஸ்டுட்கார்ட் பெண் எழுதியது:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். ரசிக்கிறது சரி, ஆனா சீக்கிரம் திருத்திடுங்க. என் பொண்ணு ஃபையர்டாகையும் ஃப்ரைடாகையும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தா. ஃபையர்டாக்னா பண்டிகை விடுமுறை, ஃப்ரைடாக்னா வெள்ளி. வாரா வாரம் வெள்ளிக்கிழமை லீவுன்னு அடம். வீட்டுல நாங்க சிரிச்சுட்டு விட்டுட்டோம். முதல் வகுப்புல டீச்சர் ஃபையர்டாக் பேர் சொல்லச் சொன்னப்போ இவ எழுந்து வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்கா. ஒரு பையன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் வகுப்புல கையே தூக்கல. ஜெர்மன் குழந்தை இதையே சொல்லியிருந்தா விளையாட்டா எடுத்திருப்பாங்க. நம்ம பிள்ளைன்னா "மொழி தெரியல"ன்னு முத்திரை குத்திடுறாங்க. லைப்சிக் அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, ஆனா அந்த நியாயத்தை ஆறு வயசுக் குழந்தை தனியா நின்னு பேச முடியாது.


நூர்ன்பெர்க் பேச்சுப்பயிற்சியாளர் எழுதியது:

நான் லோகோபேடினா வேலை பார்க்கிறேன், ரெண்டு மொழி மூணு மொழிக் குழந்தைகள்தான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. உங்க பொண்ணை நேர்ல பார்க்காம எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். நீங்க எழுதினதை வச்சு எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

புது வார்த்தை காதுல விழுந்தா குழந்தை அதைத் தெரிஞ்ச துண்டுகளா வெட்டிப் பார்க்கும். வெட்டின துண்டுக்கு அர்த்தம் கிடைச்சா அதை உடனே பிடிச்சுக்கும், அப்புறம் சுத்தி நடக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பார்க்கும். கார் வெள்ளிக்கிழமையில அவ ஜன்னல்ல போய் நின்னு தெருவைப் பார்த்தாளே, அதைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துது. அமெரிக்காவுல சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978ல வெளியிட்ட ஒரு ஆய்வு எங்க துறையில ரொம்பப் பிரபலம். மூணு நாலு வயசுக் குழந்தைகள்கிட்ட விளையாட்டுக்கு நடுவுல, "அந்தக் குரோமியம் தட்டை எடுத்துட்டு வா, நீலத்தட்டு இல்ல"ன்னு சாதாரணமா சொன்னாங்க. குரோமியம்ங்கிறது குழந்தைகள் கேள்விப்படாத வார்த்தை, அங்க இருந்தது ஆலிவ் பச்சைத் தட்டு. ஒரே ஒரு தடவை கேட்டதுலயே நிறைய குழந்தைகள் அது ஒரு நிறத்தோட பேர்னு மனசுல போட்டுக்கிட்டாங்க. அது எந்த நிறம்னு முழுசாப் பிடிபட இன்னும் பல தடவை கேட்க வேண்டியிருந்துது. பண்டிகைப் பேர்கள்ல சிக்கல் என்னன்னா அவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். "தட்டு"ங்கிற வார்த்தையை நாள் முழுக்கக் கேட்டுச் சரிபண்ணிக்க முடியும். கார்ஃப்ரைடாகைச் சரிபண்ண அடுத்த ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கணும். அதனாலதான் இந்தப் பேர்கள்ல தப்பர்த்தம் இவ்வளவு நாள் தங்குது.

ரெண்டு மொழி கேட்டு வளர்றதால குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வராது. ஒரு வாக்கியத்துக்குள்ள ரெண்டு மொழியையும் கலக்கிறது கோளாறோட அறிகுறியும் இல்ல. வீட்டுல தமிழை நிறுத்தச் சொல்றது பழைய ஆலோசனை, எங்க துறையில இப்ப அப்படிச் சொல்றதில்ல. உங்களுக்கு எந்த மொழியில கதை சொல்ல, கோபப்பட, கொஞ்ச வருதோ அதுல பேசுங்க.

எதைக் கவனிக்கணும்னு கேட்டா, தெரிஞ்ச சாதாரண வார்த்தைகளையும் அவ தப்பாக் கேட்கிறாளா? கூப்பிட்டா திரும்பாம இருக்காளா, டிவி சத்தத்தை ஏத்தச் சொல்றாளா? அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைகளுக்கு நடுக்காதுல நீர் தேங்கி ஒரு காலத்துக்குக் காது மந்தமாகும், வலியே இருக்காது. சந்தேகம் இருந்தா குழந்தை மருத்துவர்கிட்ட சொல்லிக் காதைப் பரிசோதிச்சுக்குங்க. நாலு வயசையொட்டி வர்ற ஊ-8 பரிசோதனை முடிஞ்சிருக்கும், அடுத்தது அஞ்சு வயசு முடிஞ்சதும் ஊ-9. ரெண்டுலயும் பேச்சைப் பார்ப்பாங்க. கிட்டாவுல அவங்க "குழம்புறா"ன்னு சொன்னா, எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க, ஸிஸ்மிக் படிவம் நிரப்பியிருக்கீங்களான்னு கேளுங்க. வேற தாய்மொழிக் குழந்தைகளோட ஜெர்மனை மாசக்கணக்கில கவனிச்சு எழுதுறதுக்கு பவேரியாவுல பயன்படுத்துற படிவம் அது. வாய்வார்த்தையா சொல்றதை விட அதுல இருக்கிறது உதவும். உதவி தேவைன்னு தெரிஞ்சா பள்ளிக்கு முந்தி 240 மணி நேர ஜெர்மன் முன்வகுப்பு இருக்கு. அதுல சேர்றதுக்கு வீட்டுத் தமிழை விடணும்னு அவசியம் எதுவும் இல்ல.

திருத்தறதுக்கு நாங்க சொல்ற வழி ஒண்ணுதான். "தப்பு"ன்னு சொல்ல வேண்டாம், திரும்பச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அவ சொன்னதை எடுத்துக்கிட்டு, சரியான வார்த்தையை உங்க வாக்கியத்துக்குள்ள வச்சுப் பதில் சொல்லுங்க. "ஆமாடா, இன்னைக்குக் கார்ஃப்ரைடாக், ஊரே அமைதியா இருக்கு." அவ்வளவுதான். அதோட, அவ முன்னாடி விருந்தாளிகள்கிட்ட இதைச் சொல்லிச் சிரிக்காதீங்க. அவ சொன்னதை அவ நம்பிச் சொல்றா. ஸ்டுட்கார்ட் தோழி சொன்ன பயமும் நியாயமானது. பள்ளி சேர்றதுக்கு முந்தின வருஷம் ஒரு பெரிய காலண்டர்ல படம் ஒட்டி ஒவ்வொரு பண்டிகையும் வர்றப்போ அதைப் பத்திப் பேசினா போதும்.


இசார்கரை அம்மா மறுபடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உடனே எழுத முடியல, நடுவுல மே மாசம் வந்துடுச்சு.

காதைப் பரிசோதிச்சாச்சு, நல்லாயிருக்கு. கிட்டாவுல பொறுப்பாளர்கிட்ட நேரம் வாங்கிப் பேசினேன். படிவத்தை எடுத்துக் காட்டினாங்க, ஜெர்மன் அவ வயசுக்குச் சரியாவே இருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. பஸ்-கட்டில் நாளைச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, தான் சின்ன வயசுல அப்படித்தான் நினைச்சதாச் சொன்னாங்க. ரூர்க்கரை மாமா எழுதினதை எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். "முழுசாத் தெரிஞ்ச மொழியைத்தான் குடுக்கணும்"ங்கிற இடத்துல நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். மாமியார்கிட்டயும் அவரே பேசிட்டார். வீட்டுல தமிழ்தான், அதுல இனிமே பேச்சில்ல.

ஸ்டுட்கார்ட் தோழி, உங்க பொண்ணு கதை என்னை ரொம்ப நேரம் விடல. இப்ப மறுபடி கை தூக்குறாளா? எழுதுங்க.

மே மாசத்துக்கு ஜெர்மன்ல "மை". ஏப்ரல் கடைசியில கிட்டாவுல எல்லாரும் மை மைன்னு பேசியிருக்காங்க. பவேரியாவுல ஊருக்கு ஊர் நீலமும் வெள்ளையுமா உயரமா ஒரு மைபவும் நடுவாங்களே, மே மரம். பவும்னா மரம்னு அவளுக்குத் தெரியும். அப்ப அது மை மரம், கண் மை காய்க்கிற மரம். பாட்டி ஊர்லேர்ந்து கொண்டு வந்த மைச்சிமிழ் எங்க வீட்டுல தீரப்போகுது, அதனால இவளுக்கு ஒரே குஷி. மரம் நடுறதுக்கு முன்னாடி பக்கத்து ஊர்க்காரங்க அதைத் திருடிட்டுப் போய், பியரும் சாப்பாடும் வாங்கிக்கிட்டுத்தான் திருப்பிக் குடுப்பாங்கன்னு ஒரு வழக்கம் உண்டு. அதைக் கிட்டாவுல சொல்லியிருக்காங்க. இவ என்கிட்ட வந்து, "எல்லாருக்கும் மை வேணும்ல, அதான் திருடுறாங்க"ன்னா.

நூர்ன்பெர்க் தோழி சொன்ன மாதிரியே செஞ்சேன். "ஆமாடா, மே மாசம் பிறக்குது, மைபவும் பாக்கப் போலாம்"னு சொல்லி விக்டுவாலியன்மார்க்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க சந்தைக்கு நடுவுல ஒரு மைபவும் நிக்குது. கீழேர்ந்து உச்சி வரைக்கும் பார்த்தா. ரெண்டு பக்கமும் தொழிலாளர் உருவங்கள், பீப்பாய் வண்டி, ஆடுறவங்கன்னு தொங்குது, மை எங்கயும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "அம்மா, இது மே மாச மையா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அப்ப கண்ணுக்கு?" "அது நம்ம மை, வீட்டுல இருக்கு." "சரி, ரெண்டு மை"ன்னு சொல்லிட்டு ஐஸ்கிரீம் கேட்டா. நான் ஒரு தடவை கூட "தப்பு"ன்னு சொல்லல, அவளாவே ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கிட்டா.

அன்னையர் தினத்துக்கு, முட்டர்டாகுக்கு, எனக்கு ஒரு வேகவச்ச முட்டையைக் கலர் அடிச்சுக் குடுத்தா. ஈஸ்டருக்கு முட்டை குடுக்கிற இவங்க ஏன் முட்டைடாகுக்குக் குடுக்கலன்னு அவளுக்கு ஆச்சரியம். இதை மட்டும் நான் இன்னும் எடுத்துச் சொல்லல. அடுத்த வருஷம் வரட்டும்.

இப்ப பிங்ஸ்டன் வரப்போகுது. தூய ஆவியார் திருநாள். அவளுக்கு அது பிங்க் நாள், பிங்க் கவுனைத் துவைச்சு வைக்கச் சொல்லியாச்சு. கிரேக்கத்துல ஐம்பதாவதுன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலேர்ந்து வந்த பேராம். ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினா சரியா ஐம்பதாவது நாள். காலண்டர் படம் ஒட்டுறதை இதுலேர்ந்துதான் தொடங்கலாம்னு இருக்கோம். ஈஸ்டர்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எண்ணி, மிச்ச நாளுக்குத் தினம் ஒரு கட்டத்துல கலர் அடிக்கலாம்னு யோசனை. அவளுக்கு இருபது வரைக்கும்தான் நல்லா எண்ண வருது, அதுக்கப்புறம் தமிழ்லேர்ந்து ஜெர்மனுக்குத் தாவிடுறா. ஜெர்மன்ல இருபத்தொண்ணை "ஒண்ணும் இருபதும்"னு தலைகீழாச் சொல்றாங்களே, அங்கதான் திணறுறா. இதை உங்க வீடுகள்ல எப்படிப் பழக்கினீங்க? தமிழ்லயே ஐம்பது வரைக்கும் முடிச்சுட்டு அப்புறம் ஜெர்மன் போறதா, இல்ல ரெண்டையும் சேர்த்தா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.